ஐயோ கிராணியின் இருபது வரி எச்சரிக்கை

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள அத்தனை பயத்துக்கும் மொத்த வியாபாரி எங்கள் ஐயோ கிராணி. பனிமூட்டத்துக்குப் பயம், லோரிக்குப் பயம், துரையின் நாய்க்குப் பயம். அந்த நாய்க்குப் பல்லே கிடையாது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நாங்கள் இருவரும் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள்; எனக்கு அடுத்த மேசை அவருடையது. எந்த விசையைத் தட்டும் முன்பும் ‘ஐயோ’ என்பார். தட்டிய பிறகு கண்ணைத் திறப்பார்.

எங்கள் கம்ப்யூட்டர்கள் கிழடு. லினக்ஸைத் தவிர வேறெதையும் சுமக்காது. அதிலிருந்த டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு வசதி. பட்டியலைத் திறந்து ஒரு விசையைத் தட்டினால் குட்டி ஸ்கிரிப்ட் ஒன்று ஓடி, பெயர்களை அகரவரிசையில் அடுக்கும், வெற்று வரிகளை விழுங்கும். அவற்றை எழுதுவது ஐயோ கிராணி. ரிங்லெட்டிலிருந்து திரிங்காப் வரை அதே எடிட்டரில் வேலை செய்த கிராணிகளுக்கெல்லாம், தீபாவளிப் பலகாரம் போல பென்டிரைவில் கொடுத்தனுப்புவார்.

ஸ்கிரிப்ட் மூன்று வரி. அதன் தலையில் எச்சரிக்கை இருபது வரி. ‘நகல் எடுக்காமல் ஓட்டாதே. இடி இடிக்கும்போது ஓட்டாதே. பசியோடு ஓட்டாதே.’

திரிங்காப் பூந்தோட்டத்துக் கிராணி ஸ்டெல்லா சுத்தக்காரி. அவருடைய ஸ்கிரிப்ட் ஒன்றின் எச்சரிக்கைகளை வெட்டி எறிந்துவிட்டு எனக்கு அனுப்பிப் போன் செய்தாள்.

“அக்கா, ஒரே பேரு திரும்ப வந்தா இது ஒண்ண மட்டும் வச்சிக்கும். எங்க கஸ்டமர் லிஸ்ட் பளிச்சுன்னு ஆயிருச்சு லா.”

அன்று என் கையில் இருந்தது, பாதுகாப்பான இடத்தில் புது வீடு கிடைக்கப் போகிறவர்களின் பட்டியல். எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலை கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்குள் பெயர்கள் தானா ராத்தா அரசாங்க ஆபீசுக்குப் போக வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கு வீடு இல்லை. ஸ்டெல்லா அனுப்பிய ஸ்கிரிப்டுக்கான விசையைத் தட்டினேன். சேமித்தேன். மூடினேன்.

மறுபடி திறந்தபோது ஐயோ கிராணி எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, மாரிமுத்து எங்க?”

“இதோ இருக்காரே அண்ணே.”

“இவன் ஒருத்தன். மத்த நாலு மாரிமுத்து?”

எங்கள் தோட்டத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளாமல் பிறந்த பிள்ளை குறைவு. ஸ்டெல்லாவிடம் பூ வாங்குகிறவர் பெயர் ஐந்து முறை வந்தாலும் அவர் ஓர் ஆள்தான். எங்கள் மாரிமுத்து ஐந்து முறை வந்தால் ஐந்து கூரை, ஐந்து அடுப்பு. மாரியாயிகளிலும் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். வீடு வீடாக எழுதி வந்த துண்டுச் சீட்டுகளை முந்தின நாளே கிழித்துப் போட்டிருந்தேன்.

குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன், காலி.

“ஞாபகத்துல இருந்து எழுதிரலாமா அண்ணே?”

“ஒருத்தன் விட்டுப் போனா? மலை இறங்கறப்ப அவன் அடியில கிடப்பான்மா.”

பயந்தவர் சொன்னால் பயம் இரண்டு மடங்கு.

ஒரு நகல் இருந்தது. ஆபீஸ் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று, தினமும் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுத்து ரிங்லெட்டில் தன் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் பூட்டி வைப்பார். அதற்காக அவரைப் பார்த்து நாங்கள் சிரிக்காத நாளில்லை. இப்போது வெளியே மழை கொட்டியது. தூறல் விழுந்தாலே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிற மனிதர் அவர்.

ஹெல்மெட்டை மாட்டினார். “ஐயோ,” என்றார். கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு சாலையில் கேட்ட ஒவ்வொரு பிரேக் சத்தத்திலும் அவரை ஒரு லோரிக்கடியில் பார்த்தேன். மணி இரண்டு. மூன்று. திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, எல்லாம் தெரிந்த மாதிரி.

மூன்றரைக்கு வந்தார். மீசையில் நீர் ஒழுக, சட்டைக்குள் டின்.

“ஒவ்வொரு வளைவுலயும் ஐயோன்னு கத்துனேன். எதிர்ல வந்த லோரிக்காரன் மிரண்டு ஓரமா நிறுத்திட்டான் லா.”

டின்னிலிருந்த பென்டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தார். ஐந்து மாரிமுத்துகளும் வரிசையாக நின்றார்கள். மூன்று ஐம்பதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. நான் உடைந்து அழுதேன்.

“தள்ளி நின்னு அழும்மா. கீபோர்டுல தண்ணி பட்டுரும்.”

போன வருடம் அவர் ஓய்வு பெற்ற அன்று என் கையில் ஒரு பென்டிரைவை வைத்தார். ஒரே ஒரு கோப்பு. வழக்கம்போல் இருபது வரி எச்சரிக்கை. ‘மழையில் வண்டி எடுக்காதே. சரிவுப் பக்கம் நிற்காதே. சாப்பிடாமல் வேலை செய்யாதே.’ கீழே ஸ்கிரிப்டைத் தேடினேன். இல்லை.

ஓட்டுவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. இருந்தாலும் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று பிஸ்கட் டின்னில்.