நாக்கு பட்ட தோசக்காய்

வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவனை நம்பி எதையும் ஒப்படைக்காதீர்கள். பரம்பரையாகப் படித்தவர்களால் ஆபத்தில்லை. அவர்களுக்குப் படிப்பு அலுத்துப்போயிருக்கும். முதல் ஆள் அப்படி இல்லை. காலேஜில் கேட்டது, கம்பெனியில் பார்த்தது எல்லாவற்றையும் வீட்டில் எதன்மீதாவது பிரயோகித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எங்கள் வீட்டில் அந்த முதல் ஆள் நான். நான் பிரயோகித்தது தோசக்காய் மீது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோசக்காய் என்பது மஞ்சளாக, உருண்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற ஆந்திர வெள்ளரி. பருப்பில் போட்டுக் கடைந்தால் (நெய்யும் இருந்துவிட்டால்) அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம். ஒரே ஒரு கோளாறு, வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்தால் சில காய் கசந்துபோகும். எது கசக்கும், எது கசக்காது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கிற கொஞ்ச நிலத்தில் நைனா (அப்பாதான்) கத்திரி, வெண்டை, பீர்க்கங்காயோடு இந்தத் தோசக்காயும் போடுவார். விளைந்ததெல்லாம் மண்டிக்குப் போகும். மண்டிக்காரர் ஒரு கத்திரிக்காயைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்புதான் விலை. நைனா அதற்குப் பழகிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

திருப்பதியில் கோடைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், விளைவித்தவர்களே நேராக விற்கிற சந்தை நடக்கிறது. அங்கே போய் இடம் கேட்டேன். சந்தையை நடத்துகிறவர் ரெட்டெப்பா சார். ரிட்டையர்டு தாசில்தார். (பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ்; முறைப்பு மட்டும் முழுத் தாசில்தார்.)

"ஒரு ஆதிவாரம் வந்து வித்துப் பாரு. நல்லா போச்சுன்னா சம்மர் முழுக்க டேபிள் உனக்கு. ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, வந்த வழியே திரும்பிடணும்" என்றார்.

வீட்டில் நைனாவும் ஒரு நிபந்தனை போட்டார். "அந்த ஒரு ஞாயித்துக்கிழமை வித்துச்சுன்னா இனிமே மண்டி பக்கமே போவல. விக்கலன்னா நீ கம்பெனிக்குப் போய்க்கினு இரு, நான் மண்டிக்குப் போய்க்கினு கீறேன். அப்புறம் இந்த சந்தைப் பேச்சையே எடுக்கக்கூடாது, கஜா."

ஆக, ஒரே ஒரு ஞாயிறு. ஒரு புகார்கூட வரக்கூடாது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? காயை நன்றாகக் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியின் க்யூ.சி. பிரிவில் இருக்கிறேன். பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு சார்ஜரையும் சோதித்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. சோதிக்காத பொருள் வாசல் தாண்டக் கூடாது என்று எங்கள் சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம், பறித்துக் குவித்த தோசக்காய்களைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சுவர் கண்முன் வந்தது. இதில் ஒன்று கசந்தாலும் கதை முடிந்தது.

முறையை நானே வகுத்தேன். காம்புப் பக்கம் கத்தியால் சின்னதாக ஒரு முக்கோணம் வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசக்கவில்லை என்றால் துண்டைப் பழையபடி பொருத்தி, மேலே பச்சை ஸ்டிக்கர். (ஸ்டிக்கர் கடையில் வாங்கியது. கம்பெனியினுடையது அல்ல.)

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று நைனா கத்தியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவையும் கூப்பிட்டோம். மூன்று நாக்குகளும் வேலை செய்தன. பாதிக் குவியல் தாண்டியதும் நைனாவுக்கு எல்லாக் காயும் இனித்தது, அம்மாவுக்கு எல்லாக் காயும் கசந்தது.

"இது கசக்குது."

"எங்க குடு. தேன் மாதிரி கீது."

"உனக்கு வேப்பங்குச்சியே தேன் மாதிரிதான் இருக்கும்."

சந்தேகம் வந்த காய்களை மூன்றாவது நாக்கான நான் மறுபரிசீலனை செய்தேன். கசந்ததை எருமைக்குப் போட்டோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குச் சரியாக யோசித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் மேசையில் தோசக்காயைக் கோபுரமாக அடுக்கினேன். பின்னால் தமிழிலும் தெலுங்கிலும் பெரிய அட்டை: 'ஒவ்வொரு காயும் நாங்களே ருசி பார்த்தது.' நைனா டீ குடிக்கப் போனார்.

முதல் போணிக்கு ஒரு அம்மா வந்தார். தலையில் பூ, நெற்றியில் குங்குமம், கையில் ஒயர் கூடை. காயை எடுத்துத் திருப்பினார். ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினார். முக்கோணம் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

"என்னப்பா இது, எலி கடிச்சிருக்கு?"

"எலி இல்லம்மா. நான்தான்."

அவர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எழுதியிருக்கறது நெஜமாவா? ஒண்ணொண்ணும் துன்னு பாத்தியா?"

"ஒண்ணொண்ணும்மா. ஒண்ணுகூட விடல."

"பாத்துட்டு, அதே துண்டையா திரும்ப வெச்ச?"

"காத்து பூந்து கெட்டுடக் கூடாதுன்னு" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அவர் காயைக் கீழே வைத்தார். வைத்த கையைப் புடவையில் துடைக்கவும் மனமில்லாமல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "எங்கிலி" என்றார். (எச்சிலுக்கு எங்கள் பக்கத்துத் தெலுங்கு.) "ஏம்ப்பா, எங்க வீட்ல உப்பு போட்டோமா இல்லையான்னே சாமிக்குப் படைச்ச அப்புறந்தான் தெரியும். சமைக்கறவளே நாக்குல வெச்சுப் பாக்க மாட்டா. நீ குடும்பத்தோட துன்னுட்டு எனக்கு மீதியக் குடுக்கறே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது திருப்பதி. மலைக்குக் கீழே இருக்கிற ஊர். இங்கே பாதி வீட்டில் காய் முதலில் சாமிக்கு, பிறகுதான் மனிதனுக்கு. எங்கள் வீட்டிலும் பொங்கலன்று அதே வழக்கம்தான். அம்மா பொங்கலை ருசி பார்க்கவே மாட்டார். அது எப்படி என் மண்டையில் ஏறாமல் போனது என்று கேட்டால், அங்கே ஏற்கெனவே க்யூ.சி. உட்கார்ந்திருந்தது.

இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். நான் விளக்கம் சொன்னேன்.

"நாக்கு துண்டுலதான் பட்டுச்சும்மா, காயில படல. ஒரு பக்கம் மட்டுந்தான். இப்ப பாருங்க." புதிதாக ஒரு காயை எடுத்து வெட்டினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் தெரியட்டும் என்று துண்டை உயரத் தூக்கி, நாக்கை முழு நீளத்துக்கு நீட்டி, எந்தப் பக்கம் படுகிறது, எந்தப் பக்கம் படவில்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். நாக்கு வெளியே இருந்ததால் விளக்கம் யாருக்கும் புரியவில்லை.

அந்த நிலையில்தான் ரெட்டெப்பா சார் வந்து நின்றார்.

"ஏமய்யா, இது சந்தையா, ஆஸ்பத்திரியா? நாக்க உள்ள போடு."

போட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நைனாவும் வந்துவிட்டார். பிள்ளையைத் திட்டுகிறார்கள் என்று மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "சார், எம் புள்ளைய மட்டும் சொல்லாதீங்க. நானும் நக்கினேன். இவன் அம்மாவும் நக்குச்சு" என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்த மைதானத்தில் வியாபாரம் நடக்கவில்லை. மாங்காய் விற்றவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெட்டெப்பா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

தோசக்காய் மூட்டைக்குத் திரும்பியது. நான் மற்ற காய்களையும் கட்டத் தொடங்கினேன். கம்ப்ளெயிண்ட் வந்தால் திரும்ப வேண்டும் என்பதுதானே பேச்சு. அப்போது ஒயர் கூடை அம்மா கேட்டார். "அந்த வெண்டைக்காய்?"

"அதைப் பாக்கலம்மா."

"சாமி சத்தியமா?"

"சத்தியமாம்மா. நாக்கே படல."

"அப்ப அதைக் கட்டாத. இங்க போடு."

அவர் வாங்கியதைப் பார்த்துப் பின்னால் நின்றவரும் வாங்கினார். என்னை வேடிக்கை பார்க்க வந்த ஒவ்வொருவரும் "இது பாக்காததுதானே?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். ரெட்டெப்பா சாரே என் அட்டையைத் திருப்பி, தன் கையாலேயே எழுதி வைத்தார்: 'நாக்கு படாத காய்கள்.' வெயில் ஏறுவதற்குள் கத்திரியும் பீர்க்கங்காயும் காலி.

"நெக்ஸ்ட் ஆதிவாரமும் வா" என்றார், முறைத்துக்கொண்டே. "வாய மட்டும் வீட்ல வெச்சுட்டு வா."

நைனா அதற்குப் பிறகு மண்டிக்குப் போகவில்லை. மூட்டையில் திரும்பிய தோசக்காயைப் பருப்பாகவும் ஊறுகாயாகவும் நாங்களே தின்று தீர்த்தோம். ஒன்றிரண்டு கசக்கவும் செய்தது. யார் நாக்கு தவறவிட்டது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

போன வருடம் நகரியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் மாமா என்னையே உற்றுப் பார்த்தார். "திருப்பதி சந்தையில நாக்க நீட்டிக்கினு…" என்று இழுத்தார். "அவனேதான்" என்றார் நைனா, பெருமையாக. அந்த நேரம் பார்த்துப் பூர்ணிமா காபியோடு வந்தாள். தட்டை என் முன்னால் நீட்டி, தலையைக் குனிந்தபடியே, "நான் டேஸ்ட் பாக்கல. தைரியமா குடிங்க" என்றாள்.

காபியில் துளிகூடச் சர்க்கரை இல்லை. நைனா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு முகூர்த்தத் தேதி கேட்டார்.

இப்போது சந்தை மேசையில் நிற்பது பூர்ணிமாதான். நான் பின்னால் மூட்டை பிரித்துக் கொடுப்பதோடு சரி. பழைய வாடிக்கைக்காரர்கள் காயை எடுப்பதற்கு முன்னால் என் பக்கம் கண்ணைக் காட்டி, "இவரு தொட்டாரா?" என்று கேட்பார்கள்.

"கையாலதாங்க" என்பாள் அவள்.