தாள் மாறிப் போன கடிகாரம்

"இதை எழுதின கை எது? வலதா, இடதா? சொல்லிடு. எதை ஒடிக்கறதுன்னு எனக்குத் தெரியணும்."

கேட்டவர் ஜோப் கிராஸ்டேல். ஊருக்கே பீர் காய்ச்சி விற்கிறவர், தேவாலயத்து நிர்வாகி. அன்றைக்கு அவர் தலையில் பொய்முடி கோணலாக உட்கார்ந்திருந்தது. சட்டைக் காலரில் இறைச்சிக் குழம்பு வழிந்திருந்தது. தன் பைக்கடிகாரத்தை மேசை மேல் வைத்து, அதன் வெளிக்கூட்டைத் திறந்து, உள்ளே இருந்த வட்டத்தாளைக் கடிகாரக்காரன் எனோக் ஹாவொர்த்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

லாங்காஷயர் மலையடிவாரத்து அந்தச் சின்ன ஊரில் எனோக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த வட்டத்தாள்தான். தூசி போகாமல் இருக்கக் கூட்டுக்குள் தாள் வைப்பது எல்லாக் கடிகாரக்காரர்களும் செய்கிற வேலை. எனோக் அதில் தானே கட்டிய நாலு வரிப் பாட்டையும் எழுதி வைப்பான். சத்திரத்தில் ஆட்கள் கடிகாரத்தைத் திறப்பதே மணி பார்க்க அல்ல, பாட்டை வாசித்துக் காட்ட.

கிராஸ்டேல் நீட்டிய தாளில் இருந்தது இது:

*சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம்;*
*சாவியின்றித் துடிக்குது என் நெஞ்சோரம்.*
*வட்டம் சுற்றும் முள் இரண்டும்*
*உன் வாசல் வந்தே நிற்க வேண்டும்.*

எனோக் தாளை வாங்கி உற்றுப் பார்த்தான். அந்தத் தாள் கிராஸ்டேலுக்கு எழுதியதே அல்ல.

"என் பொண்டாட்டி இதைப் பாத்துட்டா. எவடி அவ வாசல்னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள குழம்புச் சட்டி வந்துடுச்சு. நான் உன்கிட்ட என்னய்யா கேட்டேன்? சாவைப் பத்திக் கொஞ்சம் பலமா எழுது, பாதிரியாருக்குக் காட்டணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. எழுதினேன்."

"அது எங்கே?"

அதைத்தான் எனோக்கும் யோசித்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளைக்கு முன்பு ஒரே சாயங்காலத்தில் இரண்டு கடிகாரங்களை முடித்துக் கொடுத்தான். ஒன்று கிராஸ்டேலுடையது. மற்றது டாபிதா என்ட்விசிலுடையது. மான்செஸ்டருக்குச் சரக்கு வண்டி விடுகிற விதவை அவள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. எனோக் இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்தே அவள் நினைப்பாகவே இருந்தான். நாற்பது வயதில் முதல் தடவையாகத் துணிந்து நாலு வரி எழுதினான். அந்த நாலு வரிதான் குழம்புச் சட்டியை வரவழைத்திருந்தது.

அப்படியானால் டாபிதாவின் கடிகாரத்துக்குள் இருப்பது:

*ஓடும் முள்ளே, ஓயாதே;*
*உடம்பிது நெடுநாள் வாழாதே.*
*கொழுத்த கன்னம் கொஞ்ச நாள்தான்;*
*புழுக்கள் பார்ப்பதும் அந்த நாள்தான்.*

எனோக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"உட்காராதே, எந்திரி! என் வீட்டுச் சண்டைக்கு ஒரு வழி சொல்லு."

"உங்க வீட்டம்மாவுக்காகத்தான் எழுதச் சொன்னேன்னு சொல்லிடுங்களேன்."

"அவ நம்பணுமே! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் அவளுக்கு ஆசையா வாங்கிக் கொடுத்தது ஒரு பன்னித் தொடை. அதையும் பாதி நானே தின்னேன்."

"நான் கூட வந்து சாட்சி சொல்றேன்."

சாட்சி சொன்னான். ப்ரூடென்ஸ் கிராஸ்டேல் முதலில் நம்பவில்லை. பிறகு தாளை மறுபடி வாசித்தாள். பிறகு உடுப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கா? நம்ம வாசலா?" என்றாள். கிராஸ்டேலுக்கு அன்றைக்குச் சுடச்சுட ஆட்டுக்கறி அடை கிடைத்தது. எனோக் அத்தோடு விட்டது என்று வீடு திரும்பினான்.

விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் ப்ரூடென்ஸ் அந்தத் தாளை ஊர்ப் பெண்கள் நடுவே உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் டாபிதாவும் நின்றாள். கேட்டு முடித்தவள் எனோக்கை ஒரு பார்வை பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிராஸ்டேல் பின்னாலேயே வந்து எனோக்கின் முழங்கையைப் பிடித்தார். "வாரத்துக்கு ஒண்ணு வேணுமாம்."

"என்ன?"

"பாட்டு. புதுசு புதுசா. இல்லைன்னா ஆசை குறைஞ்சுபோச்சான்னு கேப்பாளாம். நீ இழுத்துவிட்ட வியாதி, மருந்தும் நீயே கொடு."

எனோக் தலையை ஆட்டினான். அவன் கவலை வேறு. அந்தப் பாட்டு இப்போது ஊர்ச் சொத்தாகிவிட்டது. அதையே டாபிதாவிடம் கொடுத்தால், பீர்க்காரர் பெண்டாட்டிக்கு எழுதியதன் மிச்சம் என்றுதான் நினைப்பாள். கொடுக்காவிட்டால் புழுப் பாட்டோடு நிற்க வேண்டியதுதான். முதலில் புழுவை வெளியே எடுத்தாக வேண்டும்.

திங்கட்கிழமை அவள் வண்டிப் பேட்டைக்குப் போனான். டாபிதா வைக்கோல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உங்க கடிகாரத்துக்கு எண்ணெய் போடணும்" என்றான்.

"போன வாரந்தானே போட்டீங்க?"

"அது... மட்டமான எண்ணெய்."

"அப்ப எதுக்குப் போட்டீங்க?"

எனோக் கையை மட்டும் நீட்டினான். அவள் சிரிக்காமல் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே அவசர அவசரமாகக் கூட்டைத் திறந்தான். உள்ளே தாள் இல்லை.

"தாள் எங்கே?"

"தனியா எடுத்து வச்சிருக்கேன்." அவள் முகம் காதுவரை சிவந்தது.

"அதுல என்ன இருக்குன்னு..."

"ம். தெரிஞ்சுக்கிட்டேன். அதுலேருந்து ஒழுங்காத் தூக்கம் இல்ல, போங்க."

"நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் யோசிக்கணும்."

எனோக் கடிகாரத்தோடு வெளியே வந்தான். தாளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் என்றால் எதற்கு? நீதிபதியிடம் காட்டத்தான். யோசிக்கிறாள் என்றால் எதை? எவ்வளவு அபராதம் கேட்கலாம் என்பதைத்தான். அவள் இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான் என்று அவனுக்கே தோன்றியது. கொழுத்த கன்னம் என்று ஒரு பெண்ணிடம் எந்த மடையன் சொல்வான்?

இனிப் பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்தான். உள்ளதை உள்ளபடி உரைநடையில் எழுதினான். வட்டத்தாளில் இடம் குறைவு. அதனால் சுருக்கமாக எழுத வேண்டியிருந்தது.

*போன தாளில் இருந்தது உங்களைக் குறித்ததல்ல. அது கிராஸ்டேலின் கன்னம். கிழித்து அடுப்பில் போடவும். இனி உங்களுக்கு இப்படி எழுதவே மாட்டேன். – எனோக் ஹாவொர்த்.*

அதைக் கூட்டுக்குள் வைத்து மூடினான். கடிகாரத்தை வாங்கிப் போக டாபிதாவின் வண்டிக்காரன் சேத் வந்தான். தாடி நரைத்த மனிதன். குதிரைகளோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேச மாட்டான்.

"கீழே போட்டுடாதே, சேத். உள்ளே தாள் இருக்கு. அவங்க அதைக் கட்டாயம் பாக்கணும்."

"பாப்பாங்க, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் முழுக்க ஒரு தகவலும் இல்லை. எனோக் ப்ரூடென்ஸுக்கான அடுத்த பாட்டை எழுத உட்கார்ந்தான். "புழு" என்ற சொல்லைத் தவிர எதுவும் வரவில்லை.

புதன்கிழமை காலை கடைக் கதவு திறந்தது. டாபிதா நின்றாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, நீல நாடா கட்டிய தொப்பி. நீதிமன்றத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று எனோக் எழுந்து நின்றான்.

"ரெண்டாவது தாளும் வந்தது" என்றாள்.

"அதுல சொன்னதெல்லாம் மனசார..."

"சம்மதம்."

"எது?"

"எதா? கேட்டது நீங்க, எதுன்னு என்னைக் கேக்கறீங்களா? பாதிரியார்கிட்டச் சொல்லியாச்சு. நம்ம கல்யாணத்தைத் தேவாலயத்துல மூணு ஞாயித்துக்கிழமை அறிவிப்பாராம். அதுக்கப்புறம் யாரும் தடுக்க முடியாது, நீங்களும்தான்."

எனோக் மேசையைப் பிடித்துக்கொண்டான். கன்னத்தில் புழு ஊரும் என்று எழுதியதற்கும், அந்தக் கன்னம் உங்களுடையதல்ல என்று எழுதியதற்கும் பதில் கல்யாணமா?

"முதல் தாள்... அது உங்களுக்குப் பிடிச்சுதா?" என்று மெல்லக் கேட்டான்.

"பிடிக்காமலா? ப்ரூடென்ஸ் அம்மா வாசிச்சாங்களே, சாவி, முள்ளுன்னு. சுத்த இரும்பு. என்னோடதுதான் பாட்டு." அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "'எத்தனை தூரம் போனாலும் குதிரைக்கு வீட்டு வழி மறக்காது, என் மனசும் அப்படித்தான், உன் பேட்டைக்கே வந்து நிக்குது.' அதைக் கேட்டு அழுதுட்டேன். ரெண்டாவது அதைவிட ஒசத்தி. 'ஒத்தைக் குதிரைக்கு மேடு கஷ்டம். சேர்ந்து இழுப்போம் வா.' ஒரு கடிகாரக்காரருக்குக் குதிரையைப் பத்தி இவ்வளவு தெரியுமா!"

எனோக் வாழ்நாளில் குதிரையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. குதிரை என்றாலே அவனுக்குத் தும்மல் வரும்.

"ஒண்ணு சொல்லிடணும்" என்று டாபிதா குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணத்துக்கு முந்தியே தெரியட்டும். எனக்கு எழுத்து தெரியாது. வெளியில காட்டிக்க மாட்டேன். சேத்துதான் தாள் ரெண்டையும் வாசிச்சுக் காட்டினான்."

அவள் போன பிறகு எனோக் கடையைப் பூட்டவும் மறந்து பேட்டைக்கு ஓடினான். சேத் ஒரு பழுப்புக் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தான். எனோக் ஓடிப் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். குதிரைக்குப் பக்கத்தில் நின்றதால் மூன்று தடவை தும்மினான்.

"சேத், நீ மனுஷன் இல்லப்பா, தேவதூதன். அதுல எழுதியிருந்ததை உள்ளபடி வாசிச்சிருந்தா நான் இந்நேரம் ஊரை விட்டே ஓடியிருப்பேன். அவங்க மனசு நோகக் கூடாதுன்னு அப்படியே மாத்தி வாசிச்சியே, எவ்வளவு பெரிய மனசு உனக்கு!"

சேத் திரும்பி எஜமானியம்மா எங்கே என்று பார்த்தான். அவள் பேட்டையின் அந்தக் கோடியில் இருந்தாள். சேணத்துக்குக் குனிகிறவன் போல எனோக்கின் காதோரம் குனிந்தான்.

"மாத்தி வாசிக்கணும்னா மொதல்ல வாசிக்கத் தெரியணுமே, ஐயா! தெரியும்னு சொல்லித்தான் இந்த வேலையில சேர்ந்தேன், அம்மாகிட்டப் போட்டுக் கொடுத்துடாதீங்க."