தொண்ணூறு நாள் கூட்டாளி

வாசகரே, நட்பை முறை வைத்துப் பேணும் மனிதரைக் கண்டிருக்கிறீர்களா? ஊருக்கு ஒருவராவது இருப்பார். தொண்ணூற்றேழாம் ஆண்டில் சாய்ந்தமருதில் அந்தப் பதவியை வகித்தவர் பள்ளிக்கூட ஆசிரியர் காலிதீன் மாஸ்டர்.

கொழும்பில் மூன்று மாதம் கம்பியூட்டர் படித்து, பழைய பெட்டி ஒன்றையும் வாங்கி வந்து, அதற்குத் துணி போர்த்தி, அந்த அறையில் பிள்ளைகளைத் தும்மக்கூட விடாமல் காத்து, கடைசியில் அவர் அதற்குக் கற்றுக்கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் கூட்டாளிமார் பெயர்கள் வரிசையாக வரும். யாரை எத்தனை நாளைக்கு ஒருமுறை காணவேண்டும், இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்பதும் வரும். நாள் முடிந்தவர் வீட்டுக்கு மாஸ்டர் தவறாமல் போவார். மிச்சமிருந்தால், பக்கத்து வீடானாலும் எட்டிப் பார்க்கமாட்டார்.

மருதமுனையில் நெசவு செய்யும் ஆதம்பாவா பள்ளியில் அவரோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர். சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து பாயில் கிடந்தார். செய்தி கிடைத்ததும் மாஸ்டர் பதறியடித்து ஓடினார். எங்கே? கம்பியூட்டரிடம். எண்பத்து மூன்று நாள் மிச்சம் என்றது அது. நிம்மதியாகச் சோறு தின்றார்.

அங்கே ஆதம்பாவாவின் மனைவி சபூறா, "எங்க ஒங்கட கூட்டாளி? எட்டியும் பாக்கல்லியே" என்று கேட்டபோதெல்லாம், "அவனுக்கு என்ன கஷ்டமோ" என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னார் மனிதர். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், முடிந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மச்சான், ஒனக்குத்தான் ஏதும் வருத்தமோ காய்ச்சலோ எண்டு பாத்துட்டுப் போக வந்தன்."

மாஸ்டர் வெட்கப்பட்டாரா? பூரித்துப் போனார். "ஒன்ன நான் மறக்கல்ல மச்சான். இஞ்ச பாரு!" என்று தட்டிக் காட்டினார்.

ஆதம்பாவா குனிந்து ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தார். "என்ட பேருக்கு நேர என்ன தொண்ணூறு?"

"தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா ஒன்னக் காணணும். நீ நாப்பத்தொரு நாள் முந்தி வந்திட்டாய்!"

"மேல ஏழு எண்டு இரிக்கே, அது ஆரு?"

"அது கல்வி டிரெக்டர் சேர்." மாஸ்டரின் குரல் தணிந்தது. "என்ட இடமாற்றம் அவர்ர கையில."

தேத்தண்ணியோடு வந்த மாஸ்டரின் மனைவி சுல்பிகா, "அப்ப எனக்கு எத்தின நாள் போட்டிரிக்கீங்க?" என்றாள். மாஸ்டர் பெட்டியில் இல்லாத தூசியைத் தட்டினார்.

ஆதம்பாவா தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். "என்ட பேர அழிச்சிடு மச்சான். நெனப்பு வந்தா வா. வராட்டி வேணாம்." கம்பை ஊன்றி எழுந்து போய்விட்டார்.

மாஸ்டர் பாதி எழுந்தது உண்மைதான். வாசல் படலைவரை ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் திரை காத்துக்கொண்டிருக்கிறதே! உட்கார்ந்தார். பெயரை அழிக்கவில்லை. வெகுநேரம் யோசித்துத் தொண்ணூறை அறுபதாக்கினார். இன்று கண்டாயிற்று என்று தேதியையும் பதிந்தார். என்ன தாராளம்!

சிரிக்கிறீர்கள். உங்களிடம் அப்படியொரு பெட்டி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: ஒரு காரியமும் இல்லாமல் கூட்டாளி ஒருவரின் வீட்டுப் படியேறி எவ்வளவு காலமாயிற்று? என்ன, விரல் விட்டு எண்ணுகிறீர்களா?

அடடா, நீங்களுமா!