தாமோதரனைப் பார்க்க எந்தச் சீட்டு?

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை என்றால், ராயபுரத்தில் எங்கள் 'மாபெரும் கலைக்கூடம்' பதினான்கு வகை நுழைவுச்சீட்டுகளைக் கண்டுபிடித்தது அதைவிடப் பெரிய சாதனை. சக்கரம் உருள மட்டுமே செய்யும். எங்கள் சீட்டு ஆளைத் தரம் பிரிக்கும். பழைய துறைமுகக் கிடங்கில் ஏசி பொருத்தித் தொடங்கிய அந்தக் கூடத்தில் நான், சங்கரநாராயணன், 'சீட்டுத் தேர்வு ஆலோசகர்'. சரியான சீட்டு வாங்காதவர் சரியான ரசிகராக இருக்க முடியாது என்பது எங்கள் கொள்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கன்னியம்மா வந்தார். எண்ணூர்க் குப்பத்துக்காரர், மீன் விற்பவர். காலிக் கூடையை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சீட்டு வாங்குனா எங்க ஊட்டுக்காரர பாக்கலாம் சார்?"

விசாரித்தேன். கணவர் தாமோதரன் மூன்று வருடம் முன்பு கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. போன வாரம் பாரிமுனை பஸ் ஒன்றின் முதுகில், எங்கள் விளம்பரத்தில், வலை பின்னிக்கொண்டிருந்திருக்கிறார். கன்னியம்மா தண்டையார்பேட்டை வரை பஸ்ஸின் பின்னாலேயே ஓடியிருக்கிறார். எப்போதோ ஓர் ஓவியர் கரையில் உட்கார்ந்து வரைந்த படம் அது. வீட்டில் அவர் படம் என்று இருப்பது வாக்காளர் அட்டையில் மட்டும். அதில் அவர் யாரைப் போலவும் இல்லையாம்.

கடமையைத் தொடங்கினேன். 'பொதுப் பார்வை'யில் தரைத்தளத்தோடு சரி. அந்தப் படம் இருக்கும் மூன்றாம் மாடிக்கு 'ஆழ்ந்த பார்வை' வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். 'அமைதிப் பார்வை'யில் பெருமூச்சு கூடாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அழுவலாமா சார்?"

"எந்தச் சீட்டில்?"

"எதுலயாவது."

அட்டவணையை இருமுறை பார்த்தேன். அழுகைக்குப் பிரிவு இல்லை.

பிரச்சினையின் தீவிரத்தை உணர்ந்து இயக்குநர் ராமசெல்வி அவசரக் கூட்டம் கூட்டினார். ஒன்பது பேர், இரண்டு மணி நேரம், முந்திரி பக்கோடா. படத்தின் கீழே 'பெயர் அறியப்படாத மீனவர்' என்று இருப்பதால், பெயரே அறியப்படாதவருக்கு மனைவி இருக்க விதிகளில் இடமில்லை என்றார் ஒருவர். பெயர் தாமோதரன் என்றேன். முகத்தை ஒப்பிட நல்ல படம் ஏதாவது உண்டா என்றார்கள். மூன்றாம் மாடியில் இருக்கிறது என்றேன். அதைப் பார்க்கச் சீட்டு எங்கே என்றார்கள்.

கடைசியில் ராமசெல்விக்கு வழி பிறந்தது.

"அந்த அம்மாவையும் கூடையோட படத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சிடலாம். 'உயிருள்ள காட்சிப்பொருள்'. காட்சிப்பொருளுக்குச் சீட்டு வேண்டாமே."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

கன்னியம்மா மேலே போனார். படத்தில் காதோரத்து மச்சம் இருக்கிறதா என்று முதலில் தேடினார். இருந்தது. பிறகு கீழே உட்கார்ந்து, மகள் அம்மு பிளஸ் டூ பாஸாகிவிட்டதை மெதுவாக அவரிடம் சொன்னார். மழைநீர் வீட்டுக்குள் புகுந்தது, அனல்மின் நிலையச் சாம்பல் கூரையில் படிந்தது, ஆற்றில் எண்ணெய் மிதந்தது என்று குப்பத்துக் கதைகள் எல்லாம் சொன்னார். கொஞ்சம் திட்டினார். 'ஆழ்ந்த பார்வை' ரசிகர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு, ஒலியமைப்பு பிரமாதம் என்று கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்.

மாலை ஆறு மணிக்குக் கூடத்தை மூட வேண்டும், கிளம்புங்கள் என்றேன். அவர் நகரவில்லை.

"பாக்க வந்தவங்கதான் சார் போவணும். ஷோ பீஸு எங்கனா கெளம்பிப் போவுமா?"

சட்டப்படி அது சரி. பதில் தேடி விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். அதில் காட்சிப்பொருள் பாதுகாப்புக்கு மட்டும் நாற்பது பக்கம். உரக்கப் படித்தேன்: "பொருள் உள்ள இடத்தில் மழைநீர் புகக் கூடாது. சாம்பல் படியக் கூடாது. எண்ணெய்க் கசிவு நெருங்கக் கூடாது. மீறினால் நிர்வாகமே முழுப் பொறுப்பு."

கன்னியம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இத்தயே எங்க குப்பத்துக்கும் எழுதித் தர முடியுமா சார்?"

முடியாது என்று பணிவோடு விளக்கினேன். இந்த விதிகள் தாமோதரனுக்குப் பொருந்தும். ஆனால் அதற்கு அவர் முதலில் படமாக மாற வேண்டியிருந்தது.