நடுவில் நான் விழுங்கியவை

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. போனில் சொல்லக்கூடியதைக் கடிதமாக எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் பேசினால் என் வாய் தானாகவே எல்லாவற்றையும் பதமாக்கிவிடுகிறது. "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறேன். அந்தக் கிறுக்கலையும் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே வருகிறது.

என் வேலை என்னவென்று நீங்கள் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் நான் "கம்ப்யூட்டரில்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் இதைக்கூடச் சொல்லத் தெரியாமல் நிற்கக் கூடாது இல்லையா? கடைக்காரர்கள் பார்சல் அனுப்புவதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு செயலி செய்திருக்கிறோம். அது ஏழு கூரியர் கம்பெனிகளோடு பேச வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் வெளியாட்கள் பேசுவதற்கென்று இணையத்தில் ஒரு வாசல் வைத்திருக்கும். ஒரு வாசலில் எடையைக் கிராமில் சொன்னால்தான் காது கொடுப்பார்கள், இன்னொன்றில் கிலோதான், ஒருவர் ஒவ்வொரு தடவையும் "நீ யார்?" என்று புதிதாகக் கேட்பார், இன்னொருவர் "சரி" என்று பெரிதாகச் சொல்லிவிட்டுக் கீழே பொடியாக "முடியாது" என்று போடுவார், நிமிடத்துக்கு மூன்று முறைக்கு மேல் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் உண்டு. இந்த ஏழு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, எங்கள் செயலிக்கு ஒரே ஒரு எளிய வாசல் மட்டும் தெரியும்படி செய்வதுதான் என் வேலை. சண்டைக்காரக் குடும்பத்தின் மருமகள் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். எந்தக் கம்பெனி எப்படி எரிந்து விழுந்தாலும், செயலியைப் பார்க்கிறவர்கள் பயப்படக் கூடாதென்று எல்லாப் பிழைகளையும் நானே விழுங்கி, "பார்சல் வழியில் இருக்கிறது" என்று பதில் போகும்படி எழுதிவைத்தேன். போன மாதம் நான்காவது கம்பெனி தன் வாசலை இடித்து வேறு பக்கம் கட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் யாருக்கும் தெரியவில்லை. பதினோரு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு பார்சல்கள், எங்கள் திரையில் எல்லாம் வழியில் இருந்தன. கடைசியில் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கே வந்து, வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் கேட்டார்: "பதினோரு நாளா வழியிலேயே இருக்குன்னா, அது எந்த வழிம்மா?" அவர் காத்திருந்தது தன் மனைவியின் முழங்காலுக்கான பட்டைக்கு. நான் கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

எங்கள் குழுத் தலைவி அக்கா என்னைத் திட்டவில்லை. நான் எழுதியதைத் திரையில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைக்கிறதுதான் உன் வேலை. எல்லாரையும் நல்லவங்களாக் காட்டுறது உன் வேலை இல்ல."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே நான் அலுவலகத்தை மறந்துவிட்டேன். அப்பாவையும் உங்களையும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் மோட்டார் பழுதுபார்க்கப் போன ஒரு வாடிக்கையாளர் வீட்டில், அப்பா திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து மோட்டாரைக் கேட்டு, பேரிங் போய்விட்டது என்றார். நீங்கள் வைண்டிங் கம்பி கருகிவிட்டது என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "அண்ணனுக்குக் காது போயிருச்சு சார், பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்று அந்த வாடிக்கையாளரிடமே சொன்னீர்கள். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசுகிறீர்கள். நானும் விழுங்கிக்கொண்டே இருக்கிறேன். "அப்பா நலம் விசாரித்தார்" என்று மழைக்காலத்தில் சொன்னேன் அல்லவா? அவர் சொன்னது வேறு. "அந்த மடையன் இன்னும் ஒத்தையாத்தான் ஏணியில ஏறுறானா? விழுந்து தொலைஞ்சா யாரு பாக்குறது?" என்றார். அதற்கு நீங்கள், "உங்கப்பனை அந்தப் பெரிய ஸ்பேனரைக் கட்டிக்கிட்டு அழச் சொல்லு, வலிக்கிற இடுப்போட அதையும் தூக்கிக்கிட்டு அலையறாரு" என்றீர்கள். "சித்தப்பாவும் விசாரித்தார், அப்பா" என்றேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அம்மாவிடம் சொன்னார்: "இவ்ளோ மரியாதையாப் பேசுறான்னா, அவன் நம்மள நெசமாவே விட்டுட்டான்."

உங்களைச் சேர்த்துவைப்பதாக நினைத்துக்கொண்டு, நீங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதற்கு இருந்த ஒரே வழியையும் நான் அடைத்துவிட்டேன். அலுவலகத்தில் பிழையை அன்றே திருத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு கம்பெனியும் சொல்வது அப்படியே தெரிகிறது. எங்கள் செயலி கொஞ்சம் அழகு குறைந்துவிட்டது, ஆனால் வரவேற்பறை நாற்காலி காலியாக இருக்கிறது.

மேலே "நலம்" என்று எழுதி அடித்ததன் காரணம் இதுதான். அப்பாவின் வலது காதுக்குப் பின்னால் எலும்பு அரித்திருக்கிறதாம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை. அந்தக் காது பிறகு கேட்குமா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. இதைத் தகவலுக்காக மட்டுமே எழுதுகிறேன். உங்களுக்கு வேலை இருக்கும், நீங்கள் சிரமப்பட வேண்டாம். சித்திக்கு என் அன்பு. தம்பிகள் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மகள்

பி.கு.: "தகவலுக்காக மட்டும்", "சிரமப்பட வேண்டாம்" இரண்டும் பழக்கதோஷத்தில் வந்தவை. அப்பா சொன்னதை விழுங்காமல் எழுதுகிறேன்: "அவன்கிட்ட சொல்லாதே. சொன்னா அன்னைக்கு அவன் சொன்னது சரின்னு ஆயிரும். வந்து நின்னுக்கிட்டு இளிப்பான்." சொல்லிவிட்டு, நீங்கள் வந்தால் உட்காரும் நாற்காலியின் ஆடுகிற காலை முடுக்கினார். சித்தப்பா, புதன்கிழமை சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுங்கள். அவருக்கு இடப்பக்கம் உட்காருங்கள், அந்தக் காது நன்றாகக் கேட்கிறது. திட்டுவார். என்னை நடுவில் வைக்காமல் நேராக வாங்கிக்கொள்ளுங்கள்.