மேக்கில் விண்டோஸ் ஏற்றிய நாள்

எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், C போனாலும் D போகாது என்று. சிஸ்டம் ஸ்லோவா? படம், பாட்டு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் D-யில் தள்ளிவிட்டு C-யை ஃபார்மட் அடி, தீர்ந்தது வேலை. பொம்மிடியில் நான் வளர்ந்த காலத்தில் மாதாவுக்கு அடுத்தபடியாக நாங்கள் நம்பியது D டிரைவைத்தான். அந்த நம்பிக்கையில் நான் ஒரு செத்த அம்மாவின் கடைசி முகத்தை அழித்தேன். அதுவும் ஒரு கார் ரேஸ் கேமுக்காக. (சிரிப்பு வரும் இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.)

என் அண்ணன் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயிலில் புதுநன்மை, சாவு எல்லாம் எடுப்பான். எடிட்டிங்குக்கென்று பெங்களூரில் பழைய ஆப்பிள் மேக் ஒன்று வாங்கி வந்தான். எடிட்டிங்கில் அதை அடிக்க ஆள் இல்லை. கேம் என்று வந்தால் மட்டும் அதற்கு மூச்சு வாங்கும். வளைவில் வண்டியைத் திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதற்குள் நான் பள்ளத்தில் கிடப்பேன். அதே மேக்கில் விண்டோஸ் போட்டு ஆடினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று யூடியூபில் ஒருவர் செய்து காட்டினார். நான் அப்போது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் கடைசி வருஷம். (வீட்டில் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று நானே அறிவித்திருந்தேன்.)

அந்த வாரம்தான் பக்கத்துத் தெரு சூசையம்மா இறந்திருந்தார். ஒரே மகன் தாமஸ் அண்ணன் சவூதியில். லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தை வீடியோ காலில் காட்டினார்கள். கோயில் வரைக்கும் படம் வந்தது, கல்லறையில் சிக்னல் இல்லை. பெட்டியை மூடும் முன் மாலைகளை எல்லாம் எடுத்துவிட்டு சொந்தக்காரர்கள் முத்தம் கொடுப்பார்களே, அந்த நேரத்தில் அவர் திரையில் ஒரு வேப்பமரம் அப்படியே நின்றுவிட்டதாம். என் அண்ணனுக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, பாட்டெல்லாம் ஒண்ணும் போட வாணாம். பொட்டிய மூடறதுக்கு முன்னாடி அம்மா மொகம். அத மட்டும் வெட்டாம அனுப்புங்க, போதும்."

முப்பதாம் நாள் பூசைக்குள் அனுப்புவதாக அண்ணன் வாக்குக் கொடுத்தான்.

சம்பவ தினம் அவனுக்கு மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண ஆர்டர். சாவு எடுத்த மெமரி கார்டுகளைத் துடைத்துவிட்டு அதற்கே எடுத்துப் போயிருந்தான். (வீடியோதான் மேக்கில் ஏற்றியாகிவிட்டதே.) வழக்கமாக வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு நகல் வைப்பான். அதில் இடமே இல்லை என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். இடத்தை அடைத்திருந்தவை என் கேம்கள். அதை நான் சொல்லவில்லை.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை, முன்னெச்சரிக்கையோடுதான் இறங்கினேன். மேக்கின் டிஸ்க்கைப் பிரித்து ஒரு பகுதிக்கு D என்று பெயர் வைத்து, சூசையம்மா உட்பட எல்லா வீடியோவையும் அதற்குள் தள்ளினேன். பிறகு விண்டோஸைப் போட்டால், இந்த டிஸ்க்கில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. கறுப்புத் திரையைத் திறந்து 'க்ளீன்' என்று ஒரு வார்த்தை அடித்தால் சரியாகிவிடும் என்று யூடியூப் கமெண்டில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். C தானே க்ளீன் ஆகும், D-க்கு என்ன? அடித்தேன். விண்டோஸ் ஏறியது. கேமையும் ஏற்றினேன். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. மூன்று மணி நேரம் ஆடினேன், சத்தியமாக அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் D-யைத் தேடினேன். C மட்டும் இருந்தது. அந்த ஒரு வார்த்தை டிஸ்க் முழுவதையும் துடைத்திருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். மாதாவை வேண்டிக்கொண்டு இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தான்.

"சூசையம்மா எங்க, பாப்பா?"

"D-ல போட்டேண்ணா."

"D எங்க?"

அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மறுநாள் மேக்கை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸில் சேலம் போனோம். அழிந்ததை மீட்கும் கடைக்காரர் தலையில் கை வைத்தார். "மேல விண்டோஸும் போட்டு, அதுக்கு மேல கேமும் போட்டிருக்கீங்களே. யாருங்க செஞ்சது?" அண்ணன், "தெரியலீங்க" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பதினோரு விநாடி மீண்டது. அதில் சாமியானாக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இன்னொரு நாற்காலிமேல் அடுக்குகிறார்.

வீட்டில் அம்மா சும்மா விடவில்லை. "ஏண்டி, அந்தம்மாவ ரெண்டாந்தரம் சாவடிச்சிட்டு வூட்டுல உக்காந்து சோறு துன்றியா?" என்றார். தின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஏழு மாதம் கழித்துத் தாமஸ் அண்ணன் லீவில் வந்தார். நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். சிஸ்டம் போய்விட்டது என்று மட்டும் அண்ணன் போனில் சொல்லி வைத்திருந்தான். அவன் டீ வாங்கப் போன நேரத்தில் என்னால் அடக்க முடியவில்லை.

"நாந்தான் அழிச்சேங்கண்ணா."

"எதுக்கும்மா?"

"கேமுக்குங்க. மேக்ல சரியா ஓடாது, விண்டோஸ் போட்டா நல்லா ஓடும்னு..."

அவர் அந்த மேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுச்சா?"

கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஓடுச்சுங்கண்ணா."

இந்த இடம்தான் எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடுகிற ஜோக். நான் மிக்ஸி போட்டாலும் சரி, ஸ்கூட்டியை உதைத்தாலும் சரி, அண்ணன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "ஓடுச்சா?" என்பான். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டான். பந்தியில் சொன்னால் இலையை விட்டு எழுந்து சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. தாமஸ் அண்ணன் கேட்டார், "நீ கல்லறைக்கு வந்தியாம்மா?"

"வந்தேங்க."

"அம்மாவுக்கு என்ன சேல கட்டியிருந்தாங்க?"

பெட்டியிலிருந்து நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். குனிந்து, சத்தத்தைக் குறைத்து, போனில் இறக்கி வைத்திருந்த அந்த யூடியூப்காரரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு.

"பச்சைங்கண்ணா" என்றேன்.

"பச்சையா" என்றார். "சரிம்மா" என்று எழுந்தார். டீ வருவதற்குள் போய்விட்டார்.

அவர் திரும்பிப் போன பிறகு அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "ஊதாப் பட்டுடி. தாமஸு மொத சம்பளத்துல எடுத்து அனுப்புனது. செத்தா இதத்தான் கட்டணும்னு டிரங்குப் பொட்டியில வெச்சிருந்துச்சு. மறக்காம அதத்தான் கட்டுனோம்."

வேறு யாரிடமாவது கேட்டு, ஊதா என்று தெரிந்துகொண்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.