கம்ப்ளைண்ட் போட மறுத்த கையெழுத்து

உலகத்தில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அது என் மாமனார் காதில் விழுந்துவிடும். நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருக்குப் பெயரே ‘கம்ப்ளைண்ட்’தான். சுரங்கத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர், குவார்ட்டர்ஸில் ஒரு பல்பைக்கூடத் தன் கையால் மாற்றியதில்லை. மராமத்து ஆபீஸ் புகார் நோட்டில் எழுதுவார். ஆள் வந்து வேலையை முடித்ததும் அதே நோட்டில் கையெழுத்துப் போடுவார். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களைப் பக்கத்து வீட்டுச் சேவல் தூங்கவிடவில்லை என்றுகூட ஒருமுறை எழுதினார். சேவல் எங்கள் பிரிவில் வராது என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

ஓய்வு பெற்று, டவுன்ஷிப்புக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் இருந்த சொந்த வீட்டுக்கு வந்தவருக்குப் பெரிய அதிர்ச்சி. அங்கே புகார் எழுத ஆபீஸே இல்லை. மனிதர் அசரவில்லை. நீள நோட்டு ஒன்று வாங்கி, நாள், புகார், செய்த வேலை, கையெழுத்து என்று கோடு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

போன கோடையில் என் கம்பெனி என்னை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. என் மனைவி மேரியும் மகள் ஸ்டெல்லாவும் கூட வந்தார்கள். மாமியார் இறந்த பிறகு தனியாக இருந்த கம்ப்ளைண்டையும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பெட்டியில் முந்திரிக்கும் முறுக்குக்கும் நடுவே அந்த நோட்டும் வந்தது.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. தெரியாமல் மேரி சட்னி அரைத்தாள். ஒரு மணி நேரத்தில் கீழ்வீட்டு அம்மாள் எங்கள் கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். மறுவாரம் ஸ்டெல்லா ஸ்கிப்பிங் ஆடினாள். இரண்டாவது சீட்டு. இன்னொரு புகார் வந்தால் காலி செய்ய வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். இன்னும் ஒன்றரை மாத வேலை பாக்கி; அந்தச் சின்ன ஊரில் வேறு வீடும் கிடையாது. அன்றிலிருந்து நாங்கள் பூனை மாதிரி நடந்தோம்.

மூன்றாவது சீட்டு மாமனாரின் லுங்கியால் வந்தது. பால்கனியில் அவர் காயப்போட்டது கீழே அந்த அம்மாளின் பூந்தொட்டிகளில் சொட்டியிருக்கிறது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ மூன்று சீட்டையும் வாங்கி, ஸ்டெல்லாவை போனில் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“தேதி இருக்குது, நேரம் இருக்குது. எவ்ளோ சுத்தமா எழுதிக்கினு வராங்க பாருங்க மாப்ள.”

மூன்றையும் நோட்டில் ஏற்றினார். மிக்ஸிக்கு அடியில் துண்டை மடித்து வைத்தார். ஸ்கிப்பிங் பூங்காவுக்குப் போனது, லுங்கி குளியலறைக்குப் போனது. அப்புறம் நோட்டோடும் பேத்தியோடும் கீழே இறங்கிவிட்டார். மானம் போகப் போகிறதே என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

“வேலை முடிஞ்சிதும்மா. பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டினார். ஸ்டெல்லா ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். மிக்ஸியை ஓட்டச் சொல்லித் தன் வீட்டிலிருந்து காது கொடுத்துக் கேட்டார். மூன்று கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவைத் திருப்பித் தராமல் நாலாவது வரியில் தாமே ஏதோ எழுதினார். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதாம்.

பல்பு மாற்றாத மனிதர் ஸ்பானரைக் கேட்டு வாங்கி, கால் மணி நேரத்தில் வாஷரை மாற்றிவிட்டு வந்தார். வேலை தெரிந்திருந்தும் இத்தனை வருஷம் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்! சனிக்கிழமை காலி செய்யச் சொல்ல வந்த வீட்டுக்காரரிடம் அந்த அம்மாள்தான் நோட்டைப் பிரித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் கையெழுத்து ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பிப் போனார்.

ஊர் திரும்பி, அவரை மந்தாரக்குப்பத்தில் விட்டுவிட்டு நாங்கள் சென்னைக்கு வந்தோம். மறுமாதம் பார்க்கப் போனபோது நோட்டைப் புரட்டினேன். கடைசி வரியில், ‘புகார்: வூட்டுல சத்தமே இல்ல’ என்று எழுதியிருந்தார்.

மேரியிடமும் ஸ்டெல்லாவிடமும் அதைக் காட்டினேன். மேரி மிக்ஸியை ஓட்டினாள். ஸ்டெல்லா கூடத்திலேயே ஸ்கிப்பிங் ஆடினாள். ‘செய்த வேலை’ கட்டத்தை நிரப்பி, நான் பேனாவை நீட்டினேன்.

“பாதி வேலதான் ஆயிருக்குது மாப்ள. அடுத்த ஞாயித்துக்கெழமையும் வந்து பாருங்க.”

அதிலிருந்து வாராவாரம் போகிறோம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிடாதீர்கள் மாமா.